கிளிக் டிரம்மர் காதுக்கு, டிராக் கூட்டத்துக்கு: ஒரே லேப்டாப்பில எப்படிப் பிரிக்கிறது?

ஹட்டன்கீஸ்:

ஆறு பேர் பேண்ட். டிரம்ஸ், பேஸ், லீட் கிட்டார், கீபோர்ட், பாட ரெண்டு பேர். ஆக்டாபேடும் (குச்சியால அடிச்சா சத்தம் வர்ற மின் பேட்) டிரம்மர் பக்கத்திலதான் இருக்கு. சித்திரையில இலங்கை மலையகத்துல டிக்கோயா, பொகவந்தலாவை பக்கம் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழா மேடைகள், நடுவுல கல்யாண வரவேற்பும் உண்டு. ஸ்டிரிங்ஸ், ஷெனாய், கோரஸ் இதுக்கெல்லாம் ஆள் இல்லாததால முன்கூட்டியே பதிஞ்ச டிராக் போடுறோம்.

இப்போ ஃபோன்ல இருந்து மிக்சருக்கு ஒரே வயர். டிரம்மர் தரை மானிட்டர்ல டிராக்கைக் கேட்டு அடிக்கிறார். பல்லவி சரியாப் போகுது. சரணத்துல ஸ்டிரிங்ஸ் மட்டும் நீட்டி நிக்கிற இடத்துல டிரம்ஸ் நழுவுது. திரும்பத் தாளம் வரும்போது டிராக் ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம்.

குறைஞ்ச செலவுல கிளிக்கை (தாளம் காட்டுற 'டிக் டிக்' சத்தத்தை) டிரம்மருக்கு மட்டும் அனுப்ப என்ன வழி? பழைய படப் பாட்டுக்கு எந்த வேகம் வச்சாலும் கிளிக் பொருந்த மாட்டேங்குது, ஏன்? நடுவுல தப்பு (பறை) அடிக்கிற செட் சேர்ந்தா டிராக்கை என்ன செய்யுறது? மிக்சர் 12 சேனல் அனலாக், ஆக்ஸ் (சத்தத்தைத் தனியா வெளிய அனுப்புற வழி) ரெண்டு. லேப்டாப் இருக்கு, ஆடியோ இன்டர்ஃபேஸ் இல்ல.

பனிமூட்டம்:

தம்பி, டிரம்மர் மேல தப்பில்ல. ஸ்டிரிங்ஸ் நீட்டுற இடத்துல பிடிச்சுக்க ஒரு அடி கூட டிராக்ல இல்ல, அதுக்கு மேல தன் ஸ்நேரே மானிட்டரை மூடிடுது. அப்போ அவர் காதுக்கு மிச்சம் இருக்கிறது மண்டபத்துச் சுவர்ல பட்டுத் திரும்புற சத்தம். ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். 17 மீட்டர் தள்ளி இருக்கிற சுவருக்குப் போய் வர 100 மில்லிசெகண்ட். 120 வேகத்துல (நிமிஷத்துக்கு 120 அடி) ஒரு அடியில காவாசியே 125 மில்லிசெகண்ட்தான். அதை நம்பி அடிச்சா நழுவாம என்ன செய்யும்?

இன்டர்ஃபேஸ் இல்லாமலே பிரிக்கலாம். பாட்டை ஸ்டீரியோ ஃபைலாச் செய்ங்க. இடது முழுக்கக் கிளிக், வலது முழுக்க டிராக். டிராக் மோனோ ஆயிடும். திருவிழா மேடையில அது குறையாத் தெரியாது. லேப்டாப் ஹெட்ஃபோன் ஓட்டையில இருந்து ஒரு பக்கம் 3.5 ஸ்டீரியோ பின், மறுபக்கம் ரெண்டு தனித்தனி 6.35 மோனோ பின் உள்ள வயர் வேணும். ரெண்டு பக்கமும் ஸ்டீரியோ பின் உள்ள ஆக்ஸ் கேபிள் வேலைக்கு ஆகாது.

வலது பின் டிஐ பாக்ஸ் (சத்தத்தை மிக்சருக்கு ஏத்தபடி மாத்துற சின்னப் பெட்டி) இன்புட்டுக்கு. டிஐயில இருந்து எக்ஸ்எல்ஆர் (மைக்குக்குப் போடுற) வயர் மெயின் மிக்சருக்கு. அதே டிஐயில 'லிங்க்' இல்லாட்டி 'த்ரூ'ன்னு ஒரு ஓட்டை இருக்கும், அதிலிருந்து டிரம்மர் பக்கத்துல வைக்கிற குட்டி நாலு சேனல் மிக்சருக்கு இன்னொரு வயர். இடது பின் நேரா அந்தக் குட்டி மிக்சருக்கே. மெயின் மிக்சர் ஆக்ஸ் ஒண்ணுல பேஸ், கீபோர்ட், பாட்டு மூணையும் அனுப்பி அதையும் குட்டி மிக்சர்ல ஏத்துங்க. கிளிக் ஒரு திருகு, டிராக் ஒரு திருகு, பேண்ட் ஒரு திருகு. எது கூட வேணும்னு டிரம்மரே பார்த்துக்குவார். ஹெட்ஃபோன் காதை மூடுற வகையா இருக்கணும்.

கிளிக்கை மெயின் மிக்சர் வழியா அனுப்பலாமேன்னு தோணும். வேண்டாம். ஃபேடரை (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் தள்ளுற பிடியை) கீழ வச்சு ஆக்ஸ்ல மட்டும் அனுப்பணும்னா அந்த ஆக்ஸ் ஃபேடருக்கு முன்னாடி எடுக்கிறதா இருக்கணும். சின்ன மிக்சர்கள்ல ரெண்டாவது ஆக்ஸ் பெரும்பாலும் எஃபெக்டுக்கானது, ஃபேடருக்குப் பின்னாடி எடுக்கும். ஃபேடர் கீழ இருந்தா டிரம்மருக்கு ஒண்ணும் கேக்காது. முதலாவது சரியா இருந்தாலும், யாராவது அந்த ஃபேடரைத் தொட்டா ஊரே 'டக் டக்'னு கேக்கும்.

இதெல்லாம் சரியாச் செஞ்சும் கிளிக் வெளிய கேட்டா மூணு இடம் பாருங்க. பின் முழுசா உள்ள போகலைன்னா இடதும் வலதும் ஒட்டிக்கும், ஃபோன்ல இருந்து ஓட்டினா அதோட கவர் தடுக்கிறதாலயே இது நடக்கும். ஃபோன் செட்டிங்ல அணுகல்தன்மைக்குள்ள 'மோனோ ஆடியோ' ஆன்ல இருந்தா ரெண்டும் கலந்துதான் வரும். மூணாவது, சரவுண்ட் மாதிரி சத்தத்தை விரிக்கிற எஃபெக்ட். அது இடதுல இருக்கிறதைக் கொஞ்சம் வலதுக்கும் தள்ளும்.

புளூடூத் பக்கமே போகாதீங்க. சாதாரண ஹெட்ஃபோன்ல 100 முதல் 200 மில்லிசெகண்ட் தாமதம் சர்வசாதாரணம்.

நாலுகட்டை:

வயர் விஷயத்தை பனிமூட்டம் சொல்லிவிட்டார். நான் ஃபைல் தயாரிப்பதைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் மேடையில் நடக்கும் கோளாறில் பாதி வீட்டில் செய்து கொண்டுவந்ததுதான்.

பழைய படப் பாட்டுகள் பலவும் வாத்தியக்காரர்கள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒருவர் கை காட்ட வாசித்துப் பதிவானவை. கிளிக் கிடையாது. பல்லவி 96இல் தொடங்கி இரண்டாவது சரணத்தில் 99 ஆகியிருக்கும். கேட்பவருக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் கணக்குப் போட்டால், 96இல் நாலு அடி கொண்ட ஒரு பார் 2.5 விநாடி, 99இல் ஏறக்குறைய 2.42. எட்டே பாரில் ஒரு முழு அடி விலகிவிடும். அதனால்தான் எந்த ஒற்றை வேகமும் உங்களுக்குப் பொருந்தவில்லை.

வழி இரண்டு. கரோக்கி டிராக்கையே வைத்துக்கொள்வதென்றால் அதற்கு ஏற்றபடி கிளிக்கை வளைக்க வேண்டும். ரீப்பரில் (ஒலிப்பதிவு மென்பொருள்) நாலு பாருக்கு ஒரு தடவை முதல் அடியைக் கண்ணால் அலையில் பார்த்து, காதாலும் உறுதி செய்து, அங்கே டெம்போ மார்க்கர் (வேகம் மாறும் இடத்தின் குறி) போடுங்கள். ஒரு பாட்டுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். (ரீப்பரை 60 நாள் முழு வசதியோடு இலவசமாகப் பார்க்கலாம், தனிப்பட்ட உரிமம் 60 டொலர்.) இரண்டாவது வழி, ஸ்டிரிங்ஸையும் கோரஸையும் நீங்களே கீபோர்டில் வாசித்து நிலையான வேகத்தில் பதிவது. எனக்குக் கேட்டால் இரண்டாவதுதான். கரோக்கி டிராக்கில் டிரம்ஸும் பேஸும் ஏற்கெனவே இருக்கும். மேடையில் அதே பேஸை இன்னொருவர் வாசிக்கும்போது அடித்தளம் குழம்பிக் கொழகொழவென்று ஆகிவிடும். உங்களிடம் ஆள் இல்லாத வாத்தியம் மட்டுமே டிராக்கில் இருக்க வேண்டும்.

6/8 பைலா (இலங்கை ஆட்டப் பாட்டு வகை) பாட்டுகளில் ஒரு குழப்பம் வரும். ரீப்பர் வேகத்தைக் கால் (1/4) நோட்டில் எண்ணுகிறது. நீங்கள் பாதத்தால் தட்டும் வேகம் நிமிடத்துக்கு 100 என்றால், அந்த ஒரு தட்டு ஒன்றரைக் கால் நோட்டுக்குச் சமம், ஆகவே அங்கே 150 என்று போட வேண்டும். மெட்ரோனோமை அப்படியே விட்டால் ஆறு அரைக்கால் (1/8) நோட்டுகளையும் அடிக்கும், நிமிடத்துக்கு 300 'டிக்'. எந்த டிரம்மரும் அதைக் கேட்டுக்கொண்டு வாசிக்க முடியாது. ஒன்றுக்கும் நாலுக்கும் மட்டும் ஒலிக்கிற மாதிரி கிளிக்கைக் கையால் அடுக்கிப் பதியுங்கள்.

எண்ணிக்கை இரண்டு பார்: முதல் பாரில் ஒன்று, மூன்று, அடுத்ததில் நாலு அடியும். அதற்கும் முன்னால் அரை விநாடி வெறுமை விடுங்கள், சில சாதனங்கள் விழித்துக்கொள்வதற்குள் முதல் 'டிக்'கை விழுங்கிவிடும். இடது பக்கத்தில் கிளிக்கோடு குரலும் போடலாம். 'சரணம்', 'மியூசிக்', 'முடிவு' என்று ஒரு பார் முன்கூட்டியே சொல்லி வைத்தால் டிரம்மருக்குப் பாதி பாரம் குறையும். பாட்டு முடிந்த பிறகு 20 விநாடி வெறுமை கட்டாயம். ஃபோன் பிளேயர் தானாக அடுத்த பாட்டுக்குத் தாவும். பாடகர் நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஷெனாய் தொடங்கினால் அழகாயிருக்காது.

எம்பி3 வேண்டாம், வேவ் மட்டும். எம்பி3 ஆக்கும்போது ஃபைலின் தொடக்கத்தில் சில பத்து மில்லிசெகண்ட் வெற்றிடம் சேரும். கிளிக் ஒரு ஃபைல், டிராக் ஒரு ஃபைல் என்று தனித்தனியாக வைத்து, ஒன்று எம்பி3 மற்றது வேவ் ஆகிவிட்டால் இரண்டும் சேரவே சேராது. எல்லாப் பாட்டும் ஒரே சாம்பிள் வீதத்தில், 44.1 கிலோஹெர்ட்ஸ் என்றால் எல்லாம் 44.1. அதை மாற்றாமலே 48இல் ஓட்டிவிட்டால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைக்கு இடைப்பட்ட அளவு ஒரு செமிடோன்) ஏறும், வேகமும் 9 வீதம் கூடும். ஒன்றரை என்பதால் கீபோர்டில் டிரான்ஸ்போஸ் போட்டும் சேர்க்க முடியாது.

பாடகர் நாலு கட்டையை மூன்றுக்கு இறக்கச் சொல்வார் என்று தெரிந்தால் அந்தச் சுருதியிலும் ஒரு ஃபைலை வீட்டிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் வைத்து இறக்க வேண்டாம். இரண்டு செமிடோனுக்கு மேல் போனால் கோரஸ் குரல் அசிங்கமாகும்.

குச்சிக்காரன்:

டிரம்மர் பக்கம் இருந்து சில விஷயம்.

கிளிக் சத்தம் 'பீப்'பா இருக்கக் கூடாது. அரை மணி நேரத்துல காது மரத்துப்போகும், அப்புறம் சத்தத்தைக் கூட்டிக்கிட்டே போவீங்க. மரக்கட்டை தட்டுற மாதிரி குட்டையான சத்தம் நல்லது, முதல் அடி மட்டும் கொஞ்சம் உயரமான தொனியில. 80க்குக் கீழ வேகம் உள்ள மெலடிக்கு நடுவுல வர்ற அரை அடிகளையும் மெல்லிய சத்தத்துல சேர்த்துக்கங்க, அடிக்கும் அடிக்கும் நடுவுல இடைவெளி பெருசா இருந்தா அங்கேதான் வழுக்கும். நீங்க அடி சரியா வச்சா கிளிக் ஸ்நேருக்குள்ள மறைஞ்சிடும். அது கேக்கலைன்னு பதறாதீங்க, கேக்காம இருக்கிறதுதான் சரி.

தப்பு செட்டுக்குக் கிளிக் குடுக்காதீங்க. குடுத்தாலும் ஆகாது. ஒருத்தரை ஒருத்தர் பார்த்து வேகத்தை ஏத்திக்கிட்டுப் போறதுலதான் அதோட உயிரே இருக்கு. டிராக்கை ரெண்டா வெட்டுங்க. ஒண்ணாவது ஃபைல் தப்பு தொடங்குற இடத்துல முடியணும். தப்பு எவ்வளவு நேரம் போகுதோ போகட்டும். கூட்டம் ஆடிக்கிட்டிருந்தா பத்து நிமிஷம் கூட ஆகும். ரெண்டாவது ஃபைல் ஒரு பார் எண்ணிக்கையோட தொடங்கி மிச்சப் பாட்டுக்குப் போகணும், அதைக் கீபோர்ட்காரர் அழுத்தணும்.

இதுல ஒரு சிக்கல். 110ல தொடங்கின தப்பு முடியிறப்போ 125ல நிக்கும். உடனே 110ல டிராக் வந்தா ஏதோ களைச்சுப்போன மாதிரி இருக்கும். அதனால தப்பை ஒரு தீர்மானத்தோட நிறுத்துங்க, பாடகர் தாளம் இல்லாம ஒரு வரி இழுக்கட்டும், அதுக்குப் பிறகு ரெண்டாவது ஃபைல். அந்த ஒரு வரி போதும், பழைய வேகம் யார் காதிலயும் மிஞ்சாது. ரெண்டாவது ஃபைலையே சுருதி மாறாம 4 பிபிஎம், 8 பிபிஎம் (நிமிஷத்துக்கு இத்தனை அடி) கூட்டி இன்னும் ரெண்டு எடுத்து வச்சுக்கிட்டா இன்னும் நல்லது.

பனி இறங்கினா தப்புத் தோல் ஈரம் குடிச்சுத் தொய்யும், நெருப்புல காட்டித்தான் ஆகணும். அந்த நெருப்பு மேடைக்குப் பின்னாடி எங்கே போடுறாங்கன்னு முதல்லயே கேட்டுட்டு வயரை மறுபக்கமா இழுங்க.

பாடகர் ஒரு பார் முந்தி எடுத்துட்டா? டிராக் காத்திருக்காது. பேண்ட் கிளிக்கை விடக் கூடாது, பாடகர்தான் திரும்பி வரணும். ரெண்டு பாருக்குள்ள சேரலைன்னா கீபோர்ட்காரர் டிராக் ஃபேடரை மெதுவா இறக்கிடணும், பட்டுன்னு நிறுத்தக் கூடாது. கிளிக் மட்டும் போய்க்கிட்டே இருக்கும், பாட்டு வெறும் பேண்டோட முடியும். அதுக்காகவே ஒத்திகையில ஒவ்வொரு பாட்டையும் ஒரு தடவை டிராக் இல்லாம வாசிச்சுப் பாருங்க. அப்படி வாசிக்க முடியாத பாட்டை மேடைக்குக் கொண்டு போகாதீங்க.

லயத்துக்குரல்:

இன்னொன்று. எல்லாப் பாட்டுக்கும் டிராக் தேவையே இல்லை. திருவிழா மேடையில் பன்னிரண்டு மணிக்கு மேல் ஆட்டப் பாட்டு, பைலா மெட்லி எல்லாம் 'இன்னொருக்கா' கேட்பார்கள். டிராக்கை வைத்துக்கொண்டு பல்லவியை மூன்றாவது முறை எடுக்க முடியாது. முதல் பாதியில் மெலடிகளுக்கும் பக்திப் பாட்டுக்கும் டிராக், பிறகு லேப்டாப்பை மூடிவிடுங்கள்.

ஹட்டன்கீஸ்:

நன்றி அண்ணே, எல்லாருக்கும். டிஐ பாக்ஸ் ஒண்ணு இரவல் வாங்கி ஒத்திகையில பிரிச்சுப் பார்த்தோம். கிளிக் தனியாப் போகுது. ஆனா லேப்டாப் சார்ஜர் சொருகினதும் ஸ்பீக்கர்ல 'ம்ம்ம்'னு இரைச்சல். சார்ஜரைக் கழட்டினா நிக்குது. பேட்டரி ஒன்றரை மணி நேரம்தான் தாங்கும். அதோட ரெண்டு மேடையில ஜெனரேட்டர்தான்னு சொல்லிட்டாங்க. கரண்ட் நின்னு வந்தா என்ன செய்யுறது?

பனிமூட்டம்:

அது எர்த் ரெண்டு வழியாச் சுத்துறதால வர்ற 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். சார்ஜர் ஒரு பிளக்ல, மிக்சர் தூரத்துல வேறொரு பிளக்ல இருக்கும். டிஐ பாக்ஸ்ல 'கிரவுண்ட் லிஃப்ட்'னு சின்ன சுவிட்ச் இருக்கும், தட்டிப் பாருங்க. டிஐக்குள்ள டிரான்ஸ்ஃபோமர் இருந்தா பெரும்பாலும் அதுலயே போயிடும். ஆனா நீங்க 'லிங்க்' வழியா குட்டி மிக்சருக்கும் வயர் இழுத்திருப்பீங்க. குட்டி மிக்சருக்கு மெயின்ல இருந்து ஆக்ஸ் வயரும் வருது, அந்த வழியாவும் எர்த் சுத்தும். லிஃப்ட் தட்டியும் நிக்கலைன்னா ஆக்ஸ் வயரைக் கழட்டிப் பாருங்க. அதுதான் காரணம்னா அங்கேயும் ஒரு டிஐ இல்லாட்டி ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபோமர் வேணும். லேப்டாப், குட்டி மிக்சர், மெயின் மிக்சர் மூணுக்கும் ஒரே இடத்துல இருந்து எக்ஸ்டென்ஷன் எடுத்தாலும் குறையும்.

பிளக்ல எர்த் பின்னை வெட்டுற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். நம்ம பக்கத்து மண்டபங்கள்ல 13 ஆம்பியர் சதுரப் பின் ஓட்டையும் பழைய உருண்டைப் பின் ஓட்டையும் கலந்து கிடக்கும். அடாப்டர் கிடைக்காம பேனா மூடியால எர்த் ஓட்டையைத் திறந்து ரெண்டு பின்னைச் சொருகுவாங்க. அதுல ஆம்ப் பழுதாகி பாடியில கரண்ட் வந்தா, அது முடியிற இடம் மைக்கைப் பிடிச்சிருக்கிற பாடகர் உதடு.

கரண்ட் போனா ஒரு வினோதம் நடக்கும். ஸ்பீக்கர் செத்துடும், லேப்டாப் பேட்டரில ஓடிக்கிட்டே இருக்கும். ரெண்டு நிமிஷம் கழிச்சுக் கரண்ட் வந்தா டிராக் வேற சரணத்துல நிக்கும். அதனால இருட்டானதும் கீபோர்ட்காரர் கை முதல்ல ஸ்பேஸ் பார்ல இருக்கணும். கரண்ட் வந்ததும் மிக்சர் முதல்ல, ஆம்ப் கடைசியில, இல்லாட்டி 'டப்'னு ஒரு அடி ஸ்பீக்கருக்கு விழும். விட்ட இடத்துல டிராக்கைத் தேடாதீங்க, பாட்டை முதல்ல இருந்து எடுங்க, இல்லாட்டி டிராக் இல்லாம முடிங்க.

ஜெனரேட்டர்னா மீட்டர் வச்சு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் பக்கத்துல நிக்குதான்னு லைட் எல்லாம் போட்ட பிறகு பாருங்க. லைட் போடுறதுக்கு முன்னாடி பார்த்தா எல்லாம் சரியாத்தான் தெரியும். சின்ன யூபிஎஸ் சிலது ஜெனரேட்டர் கரண்டை ஏத்துக்காம பேட்டரிக்கும் மெயினுக்கும் தாவிக்கிட்டே இருக்கும், அப்படின்னா கழட்டிடுங்க. லேப்டாப்ல ஸ்லீப், அப்டேட், வைஃபை எல்லாம் நிறுத்திட்டு, பஃபர் (லேப்டாப் முன்கூட்டியே எடுத்து வச்சுக்கிற சத்தத்தோட அளவு) 512ல வைங்க. நேரடியா எதையும் வாசிக்கல, வெறும் பிளேபேக்தான், தாமதம் பிரச்சினை இல்ல.

ராத்திரி முழுக்க வேன்ல குளிர்ந்து கிடந்த பெட்டியைக் கூட்டம் நிறைஞ்ச மண்டபத்துக்குள்ள கொண்டு வந்ததும் திறக்காதீங்க, பைக்குள்ளயே அரை மணி நேரம் கிடக்கட்டும். இல்லாட்டி மேல எல்லாம் வியர்க்கும். புல்லாங்குழல் ஆள் யாராவது சேர்ந்தா, டிராக் தொடங்குறதுக்கு முன்னாடி ஊதிச் சூடேத்தச் சொல்லுங்க. 20 பாகைக்கும் 10 பாகைக்கும் நடுவுல குழல் 30 சென்ட் (100 சென்ட் ஒரு செமிடோன்) அளவுக்கு இறங்கும், டிராக் அவருக்காக இறங்காது.

குச்சிக்காரன்:

ஆக்டாபேட் என்ன மாடல்னு சொல்லலையே? ரோலண்ட் எஸ்பிடி-20, எஸ்பிடி-30ன்னா நம்ம டிராக்கை அதுல ஏத்த முடியாது. எஸ்பிடி-எஸ்எக்ஸ்னா லேப்டாப்பே வேண்டாம். அதே இடது கிளிக், வலது டிராக் வேவ் ஃபைலை, 16 பிட், 44.1ல, யூஎஸ்பி வழியா ஏத்தி ஒரு பேடுக்குக் குடுத்துடலாம். கை தவறிப் படாத ஓர பேடா இருக்கணும். ஒரு தடவை அடிச்சா ஓடுற, மறுபடி அடிச்சா நிக்கிற மாதிரி வைங்க. அந்த பேடுக்கு எஃபெக்ட் எல்லாம் ஆஃப். மத்த பேட் சத்தத்தை சப் அவுட்டுக்கு (அதுல இருக்கிற ரெண்டாவது வெளியீட்டுக்கு) மாத்திடுங்க, இல்லாட்டி டிராக்கும் அடியும் ஒரே சேனல்ல போய் சவுண்ட்காரர் பிரிக்க முடியாமத் தவிப்பார்.

ஒண்ணு மட்டும். மாஸ்டர் அவுட்ல 'எல்/மோனோ'ன்னு போட்ட ஓட்டையில மட்டும் வயர் சொருகினா ரெண்டு பக்கமும் கலந்து கிளிக் வெளிய போயிடும். இடதை உங்க குட்டி மிக்சருக்கு, வலதை டிஐக்கு, ரெண்டையும் சொருகணும்.

ஹட்டன்கீஸ்:

பின்னாடி பார்த்தேன், எஸ்பிடி-30தான். லேப்டாப்பிலேயே ஓட்டுறோம். ஆக்ஸ் வயரைக் கழட்டினதும் இரைச்சல் நின்னுடுச்சு அண்ணே, இன்னொரு டிஐ தேடுறேன்.